இது வேரா, தண்டா, இலையா? பூக்கும் செடிகளின் உறுப்புகளை அடையாளம் காண ஒரு முழு வழிகாட்டி

உருளைக்கிழங்கு மண்ணுக்குள் விளைகிறது, ஆனால் அது தண்டு. மரவள்ளியும் மண்ணுக்குள்தான் விளைகிறது, அது வேர். வெங்காயத்தில் நாம் நறுக்குவது இலை. சவுக்கு மரத்தின் ஊசி இலைகள் என்று நினைப்பவை மெல்லிய கிளைகள். பள்ளியில் இதையெல்லாம் ஓர் அட்டவணையாகப் படித்திருப்போம், தேர்வு முடிந்ததும் மறந்திருப்போம். அட்டவணையில் விடை மட்டும்தான் இருந்தது. அந்த விடைக்கு எப்படி வந்தார்கள் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

முறை தெரிந்துவிட்டால் மனப்பாடமே தேவையில்லை. இதுவரை பார்த்திராத ஒரு செடியைக் கையில் கொடுத்தாலும் எது வேர், எது தண்டு, எது இலை என்று நீங்களே சொல்லிவிடலாம். ஒரு பூக்கும் செடிக்கு அடிப்படை உறுப்புகள் மூன்றே: வேர், தண்டு, இலை. பூ என்பது குட்டையான ஒரு தண்டின் மேல் நெருக்கமாக அடுக்கப்பட்ட, வேலை மாறிய இலைகள். இந்த மூன்றும் சேமிக்க, ஏற, குத்த, மிதக்க, மூச்சுவிட, பூச்சி பிடிக்க என்று தேவைக்கேற்ப வடிவம் மாறுகின்றன. வடிவம் எவ்வளவு மாறினாலும் ஓர் உறுப்பு செடியில் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்பது அநேகமாக மாறுவதில்லை. வடிவத்தைப் பார்த்தால் ஏமாறுவோம், இடத்தைப் பார்த்தால் பிடித்துவிடலாம்.

தேவையானவை: கூரான கத்தி, பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், சந்தையிலிருந்து வந்த காய்கறிப் பை, தெருவோரச் செடிகள். ஓர் எச்சரிக்கை. சதுரக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவற்றின் பால் கண்ணில் பட்டால் பெரும் கேடு. செங்காந்தள் கிழங்கு கொடிய நஞ்சு. குழந்தைகளோடு செய்தால் இவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

படி 1: செம்பருத்திக் கிளையில் விதியைக் கற்றுக்கொள்ளுங்கள்

விரல் நீளத்துக்கு ஒரு செம்பருத்திக் கிளையை ஒடித்து வாருங்கள். இலை தண்டோடு சேரும் இடம் கணு. இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ளது கணுவிடை. இப்போது ஒரு காம்பு தண்டோடு சேரும் மேல்பக்க இடுக்கைப் பாருங்கள். அங்கே ஒரு சின்ன மொட்டு உட்கார்ந்திருக்கும், அல்லது அந்த மொட்டு ஏற்கெனவே கிளையாகவோ பூவாகவோ வளர்ந்திருக்கும். இந்த இடுக்குதான் இலைக்கோணம், அதில் இருப்பது கோணமொட்டு. காம்பின் அடியில் இரு பக்கமும் நூல் போல இரண்டு சின்னத் துணுக்குகள் இருந்தால் அவை இலையடிச்செதில்கள். அவற்றையும் நினைவில் வையுங்கள், முட்களைப் பார்க்கும்போது கை கொடுக்கும்.

விதி இதுதான். இலை கணுவில் பிறக்கும், அதன் கோணத்தில் ஒரு மொட்டு இருக்கும். கிளை, பூ, பூங்கொத்து எல்லாம் ஏதோ ஓர் இலையின் கோணத்திலிருந்தோ தண்டின் நுனியிலிருந்தோ வரும். தண்டில் கணு இருக்கும். வேரில் கணுவும் இருக்காது, இலையும் இருக்காது, செதில்கூட இருக்காது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தண்டின் கிளை மேற்பரப்பில் உள்ள மொட்டிலிருந்து வளர்கிறது. வேரின் கிளையோ உள்ளே, மைய உருளையின் விளிம்பில் பிறந்து, வெளிப்பகுதியைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. ஒரு கேரட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் இது கண்ணுக்கே தெரியும். நடுவில் வெளிர்நிறக் குச்சி போல ஒரு மையப்பகுதி, அதைச் சுற்றிக் கெட்டி ஆரஞ்சுப் பகுதி. மையத்திலிருந்து மெல்லிய கோடுகள் குறுக்கே ஓடி, தோலில் இருக்கும் சின்னத் தழும்புகளில் போய் முடியும். அந்தத் தழும்புகளில்தான் பக்கவேர்கள் ஒட்டியிருந்தன. தோலைக் கவனித்தால் தழும்புகள் மேலிருந்து கீழாக வரிசை பிடித்து நிற்பதும் தெரியும்.

படி 2: கூட்டிலையா, கிளையா என்று பிரித்துப் பழகுங்கள்

பலர் முதலில் தடுமாறும் இடம் இது. கடையில் கொத்தாகக் கொடுக்கும் கறிவேப்பிலையில் ஓர் ஈர்க்கை எடுங்கள். அதில் பத்துப் பதினைந்து இலைகள் இருப்பதாகத் தோன்றும். ஒவ்வொன்றின் இடுக்கையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். எங்கேயும் மொட்டு இருக்காது. மொத்த ஈர்க்கும் மரத்தின் கிளையோடு சேர்ந்திருந்த இடத்தில்தான் மொட்டு இருந்திருக்கும். ஆக அந்த ஈர்க்கு முழுவதும் ஒரே இலை. நாம் உருவிப்போடுபவை சிற்றிலைகள். வேம்பும் அப்படியே. முருங்கையில் இலை மூன்று முறை பிரிந்து பிரிந்து சின்னச் சின்னச் சிற்றிலைகளாகிறது. விரிந்திருக்கும் அந்த முழு அமைப்பும் ஓர் இலைதான்.

அப்புறம் கீழாநெல்லியைப் பிடுங்கி வாருங்கள். மழைக்குப் பிறகு எந்தச் சுவரோரத்திலும் கிடைக்கும். பார்வைக்கு அதே கறிவேப்பிலை ஈர்க்கின் சின்னப் பதிப்பு. திருப்பிப் பாருங்கள். ஒவ்வோர் இலையின் அடியிலும் பச்சைக் கடுகு போல ஒரு காய் தொங்கும். பூவும் காயும் இலைக்கோணத்திலோ தண்டின் நுனியிலோ மட்டுமே வரும் என்பதால், காய் இருக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு கணு, ஒவ்வொன்றும் தனி இலை, மொத்த ஈர்க்கும் ஒரு கிளை. பெருநெல்லி மரமும் இந்தக் குடும்பமே. அதிலும் இறகு போன்ற கிளைகள் கூட்டிலை போல வேடமிட்டு, காய்ந்ததும் கூட்டிலை போலவே முழுதாக உதிர்கின்றன. உதிரும் விதத்தைப் பார்த்தால்கூட ஏமாறலாம், கோணத்தைப் பார்த்தால் ஏமாற வழியில்லை.

படி 3: மண்ணுக்குள் விளைவதை வகைப்படுத்துங்கள்

மண்ணுக்கு அடியில் உணவைச் சேமிப்பது ஆபத்துக் காலத்துக்கான ஏற்பாடு. வறட்சி வரும், ஆடு மேயும், தீ பிடிக்கும். மேலே எல்லாம் போனாலும் கீழே இருப்பு இருந்தால் மறுபடி துளிர்க்கலாம். இந்தச் சேமிப்பறையை எந்த உறுப்பிலிருந்து செய்வது என்பதில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு வழியில் போயிருக்கிறது.

உருளைக்கிழங்கில் கண்களைத் தேடுங்கள். ஒவ்வொரு கண்ணின் ஓரத்திலும் புருவம் போல வளைந்த ஒரு கோடு இருக்கும். அது உதிர்ந்துபோன செதில் இலையின் தழும்பு. அதன் கோணத்தில் இருப்பவை மொட்டுகள். கண்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பேனாவால் இணைத்தால் கிழங்கைச் சுற்றிச் சுருளாகப் போகும், கிளையில் இலைகள் சுற்றி அமைவது போலவே. ஒரு முனையில் கண்கள் நெருங்கியிருக்கும், அது நுனி. மறுமுனையில் செடியோடு ஒட்டியிருந்த தழும்பு இருக்கும், அது அடி. வெளிச்சத்தில் கிடந்தால் பச்சையாவதும் இது தண்டு என்பதோடு பொருந்துகிறது. பச்சையான பகுதியில் சோலனைன் என்ற நச்சும் கூடியிருக்கும் என்பதால் அதைச் சமைக்க வேண்டாம். விதைக்கிழங்கை வெட்டும் விவசாயி ஒவ்வொரு துண்டிலும் கண் இருக்கும்படி வெட்டுவதன் காரணமும் இதுவே.

இஞ்சியிலும் மஞ்சளிலும் குறுக்கே வளையங்கள் தெரியும். ஒவ்வொரு வளையமும் ஒரு கணு. புதிதாகத் தோண்டிய இஞ்சியில் வளையத்தைச் சுற்றிக் காகிதம் போன்ற செதில் இலை ஒட்டியிருக்கும். இது மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடும் தண்டு. சந்தையில் விரலி மஞ்சள் என்று விற்பது, நடுக்கிழங்கின் கோணமொட்டுகள் வளர்ந்த கிளைகள். சேனையும் சேம்பும் தண்டுதான், ஆனால் நிமிர்ந்து நிற்கும் குட்டையான தண்டு. சேனையை நடும்போது நடுக்குருத்தின் ஒரு பகுதி ஒவ்வொரு துண்டிலும் வரும்படி கேக் போலக் கீறி வெட்டுவார்கள். குருத்து இல்லாத துண்டு முளைப்பது கடினம்.

வெங்காயத்தை நீளவாக்கில் பிளந்தால் அடியில் வேர் ஒட்டியிருக்கும் வட்டு ஒன்று தெரியும். தண்டு அவ்வளவுதான், ஒரு தகடு. அதன்மேல் ஒன்றை ஒன்று அணைத்தபடி நிற்பவை இலைகளின் சதைப்பிடிப்பான அடிப்பகுதிகள். பூண்டு இதிலிருந்து விலகிப் போகிறது. அதில் ஒவ்வொரு பல்லும் ஒரு கோணமொட்டு. பல்லை உரித்தால் கெட்டியான ஒரே ஒரு சேமிப்பு இலை, அதற்குள் சின்னப் பச்சைக் குருத்து. ஒரு பல்லை நட்டால் ஒரு செடி வருவது அதனால்தான்.

இனி வேர்கள். கேரட்டும் முள்ளங்கியும் ஆணிவேர், ஆனால் முழுவதும் அல்ல. பக்கவேர்த் தழும்பு இல்லாத மேல்பகுதி, விதையிலைக்குக் கீழே இருந்த இளந்தண்டு பருத்ததாக இருக்கும். பீட்ரூட்டில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். இலைகள் கிளம்பும் தலைப்பகுதி மட்டும் உண்மையான தண்டு, குட்டையாக அமுங்கியது. கேரட்டின் தலையை வெட்டித் தண்ணீர்த் தட்டில் வைத்தால் துளிர்க்கும், உடலை வைத்தால் துளிர்க்காது.

மரவள்ளிக் கிழங்கில் எவ்வளவு தேடினாலும் கண் கிடைக்காது. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசிக்காக ஏராளமாகப் பயிரிடும் மரவள்ளியைக் கிழங்கு வைத்து நடுவதில்லை, தண்டுக் கரணை வைத்தே நடுகிறார்கள். சர்க்கரைவள்ளி கொஞ்சம் குழப்பும். அதுவும் வேர்தான், ஆனால் மூட்டையில் கிடந்தால் முளைவிடும். முளை வரும் இடங்களைப் பாருங்கள். அங்கே இலைத்தழும்பு இல்லை, சுருள் ஒழுங்கும் இல்லை. வேரே புதிதாக மொட்டுகளை உருவாக்கிக்கொள்கிறது. முளைப்பதெல்லாம் தண்டு என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

நிலக்கடலைக்குத் தனி இடம் தர வேண்டும். மஞ்சள் பூ இலைக்கோணத்தில், மண்ணுக்கு மேலே பூக்கிறது. கருவுற்ற பின், பூவில் காயாக மாறும் பகுதியான சூற்பையின் அடிப்பகுதி ஒரு குச்சியாக நீண்டு, கீழ்நோக்கி வளைந்து, மண்ணைத் துளைத்து உள்ளே போகிறது. விழுது இறங்குகிறது என்று விவசாயிகள் சொல்வது இதைத்தான். மண்ணுக்குள் இருட்டில் போன பிறகே நுனி பருத்துக் காயாகிறது, மண்ணை எட்டாத விழுது காய்ந்துபோகும். இன்னும் ஒன்று: இந்த விழுதும் இளங்காயும் தமக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை மண்ணிலிருந்து நேரடியாகவே எடுத்துக்கொள்கின்றன. வேர் உறிஞ்சி இலைக்கு ஏற்றும் சுண்ணாம்பு, மண்ணுக்குள் இருக்கும் காய்க்குத் திரும்பி இறங்குவது மிகக் குறைவு. விழுது இறங்கும் பருவத்தில் செடியின் அடியில் ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்வது அதற்காகவே. வேரின் வேலையில் ஒரு பங்கை ஒரு கனி செய்கிறது. கடலையைப் பிடுங்கும்போது உண்மையான வேரையும் பாருங்கள். அதில் சின்ன முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நிறமே சாட்சி.

படி 4: முள்ளையும் பற்றுக்கம்பியையும் அவை நிற்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள்

எலுமிச்சை முள் இலைக்கோணத்தில் நிற்கிறது. கோணத்தில் வருவது கிளை, ஆகவே முள் ஒரு கிளை. காகிதப்பூவில் இது இன்னும் தெளிவு. ஒரு கணுவில் கோணத்திலிருந்து முள் வரும், அதே கொடியில் மேலே போனால் அதே கோணத்திலிருந்து பூங்கொத்து வரும். கருவேலத்தில் இலையடியில் இரு பக்கமும் ஒரு ஜோடி வெள்ளை முட்கள். செம்பருத்தியில் பார்த்த இலையடிச்செதில்களின் இடம் அது. இலந்தையிலும் அதே இடம், ஆனால் பெரும்பாலும் ஒரு முள் நேராகவும் மற்றது கொக்கியாகவும் இருக்கும். ரோஜாவில் முட்களுக்கு இட ஒழுங்கே இல்லை. பக்கவாட்டில் விரலால் தள்ளினால் சுத்தமாகப் பெயர்ந்து வரும், ஏனென்றால் உள்ளிருந்து நீர்க்குழாய்கள் எதுவும் அதற்குள் போகவில்லை. அது மேற்தோலையொட்டி எழுந்த புடைப்பு, தனி உறுப்பு இல்லை. எலுமிச்சை முள்ளை அப்படித் தள்ளிப் பாருங்கள், வராது.

கொடி எதையாவது பிடித்து ஏற உதவும் பற்றுக்கம்பிக்கும் இதே கேள்வி. பட்டாணியில் கூட்டிலையின் நுனிச் சிற்றிலைகள் கம்பியாகியிருக்கின்றன, சிற்றிலை இருக்க வேண்டிய இடத்திலேயே கம்பி இருக்கிறது. செங்காந்தளில் இலை நுனி நீண்டு சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடிக்கிறது. பிரண்டையிலும் திராட்சையிலும் கம்பி இலைக்கு எதிர்ப்புறத்தில் வருகிறது, அது தண்டு வகை. திராட்சையில் சில கம்பிகளில் ஒன்றிரண்டு பழம் தொங்குவதைக் கவனித்தால் நம்பிக்கை வந்துவிடும். பாகல், சுரை, பீர்க்கு குடும்பத்தில் கம்பி இலையடியின் பக்கவாட்டில் முளைக்கிறது. அது இலையா கிளையா என்று தாவரவியலாளர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். வெள்ளரியில் நடந்த மரபணு ஆய்வுகள் கிளை என்ற பக்கம் சாய்கின்றன. இந்தக் குடும்பத்தில் உங்களுக்கு விடை உடனே பிடிபடவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம்.

படி 5: இலையின் வேலையை வேறு யார் செய்கிறார்கள் என்று தேடுங்கள்

கடற்கரைச் சவுக்குத் தோப்பில் ஒரு பச்சை ஊசியை எடுத்து இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள். இணைப்பில் சட்டென்று கழன்று வரும். கழன்ற இடத்தை லென்ஸில் பார்த்தால் ஒரு சின்னக் கிரீடம், 6 முதல் 8 பற்கள். அந்தப் பற்கள்தான் சவுக்கின் இலைகள். இணைப்பு கணு, இணைப்புகளுக்கு நடுவே கணுவிடை, ஊசி முழுவதும் ஒளிச்சேர்க்கை செய்யும் கிளை. காற்றும் உப்பும் வெயிலும் அடிக்கிற இடத்தில் அகன்ற இலையை விரித்து வைத்தால் நீர் போய்விடும். சவுக்கு இலையைச் செதிலாகச் சுருக்கி, பச்சையத்தைக் கிளையில் வைத்துக்கொண்டது.

சப்பாத்திக்கள்ளியின் பச்சைத் தட்டு தண்டு. புதிதாக வரும் தட்டைப் பிடித்துப் பாருங்கள். அதில் சின்னக் கூம்பு போன்ற சதை இலைகள் இருக்கும், சில நாளில் உதிர்ந்துவிடும். அவற்றின் கோணத்தில் இருக்கும் முள்குவியல் ஒவ்வொன்றும் ஒரு கோணமொட்டு, முட்கள் அந்த மொட்டின் இலைகள். சதாவரி என்கிற தண்ணீர்விட்டானில் இலை போலத் தோன்றும் மெல்லிய பச்சை ஊசிகளும் கிளைகளே, ஒவ்வொரு கொத்தும் ஒரு செதிலின் கோணத்தில் இருந்து வருகிறது. மண்ணுக்குள் கொத்தாகத் தொங்கும் வெண்கிழங்குகள் வேர்.

நேர்மாறான கதையும் உண்டு. நீலகிரியில் நட்டு வளர்க்கப்பட்ட ஆஸ்திரேலிய அக்கேசியாக்களில் ஓர் இளங்கன்றைப் பார்த்தால், கீழே புளிய இலை போன்ற நுண்ணிய கூட்டிலைகள், மேலே அரிவாள் போன்ற தனி இலைகள். நடுவில் சில இலைகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்: தட்டையாகிவிட்ட காம்பு, அதன் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சக் கூட்டிலை. அரிவாள் என்பது தட்டையான காம்பு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மேகாலயத்தின் குடுவைத் தாவரத்தில் குடுவை இலையின் நுனிப்பகுதி. சத்துக் குறைந்த மண்ணில் நைட்ரஜனைப் பூச்சியிடமிருந்து எடுக்கிற ஏற்பாடு.

படி 6: மண்ணுக்கு வெளியே இருக்கும் வேர்களைப் பாருங்கள்

ஆலம்விழுது கிளையிலிருந்து இறங்கும் வேர். கணு கிடையாது, இலை கிடையாது. மண்ணைத் தொட்டதும் பருத்துத் தூணாகிறது. சென்னை அடையாறு பிரம்மஞானசபை வளாகத்து ஆலமரத்தின் அடிமரம் 1989 புயலில் சாய்ந்தது. ஹவுரா தாவரவியல் பூங்கா ஆலமரத்தின் அடிமரத்தைப் பூசணம் தாக்கியதால் 1925இல் அகற்றினார்கள். இரண்டுமே விழுதுகளின் மேல் நிற்கின்றன. தாழையும் மக்காச்சோளமும் தண்டின் கீழ்க்கணுக்களிலிருந்து சாய்வாக முட்டுவேர் விடுகின்றன. சீந்தில் கொடியை அடியில் வெட்டிவிட்டாலும் மேலே தொங்கும் பகுதி நூல்வேரைக் கீழே விட்டு மறுபடி மண்ணைப் பிடித்துவிடும்.

பிச்சாவரத்தில் நீர் வடியும் நேரத்தில் போனால், வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்பவற்றைப் பார்க்கலாம். அவை மேல்நோக்கி வளரும் வேர்கள். சேற்றில் காற்று இல்லாததால், அவற்றின் மேலுள்ள நுண்துளைகள் வழியாகக் காற்று உள்ளே போகிறது. புல்லுருவியும் சந்தனமும் இன்னொரு வகை. மாமரக் கிளையில் உட்கார்ந்திருக்கும் புல்லுருவி தன் உறிஞ்சியை மரத்தின் நீர்க்குழாய் வரை நுழைக்கிறது. சந்தனம் அதையே மண்ணுக்குள், பக்கத்துச் செடியின் வேரில் செய்கிறது, அதனால்தான் சந்தனக் கன்றோடு துவரை போன்ற துணைச்செடியை வைக்கிறார்கள்.

படி 7: ஒரு பூவைப் பிரித்து அடுக்குங்கள்

மறுபடி செம்பருத்தி, ஒற்றை அடுக்குப் பூ. வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். முதலில் மெல்லிய பச்சைத் துணுக்குகளின் வட்டம், பூவடிச்செதில்கள். அடுத்து ஐந்து பற்கள் கொண்ட பச்சைக் கிண்ணம், புல்லி வட்டம், மொட்டைக் காத்தது. பின் ஐந்து சிவப்பு இதழ்கள், அல்லி வட்டம், பூச்சிக்கும் பறவைக்கும் விளம்பரம். நடுவில் நீளும் குழாயில் மகரந்தத்தாள்கள், மஞ்சள் தலைகளோடு. அந்தக் குழாயை நகத்தால் நீளவாக்கில் கீறினால் உள்ளே ஒரு வெள்ளை நூல் தனியாக ஓடுவது தெரியும், சூலகத்தண்டு. அதன் உச்சியில் வெல்வெட் போல ஐந்து சூலகமுடிகள், அடியில் சூற்பை. இந்த மூன்றும் சேர்ந்தது சூலகம். சூற்பையைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறைகள். அதே குடும்பத்து வெண்டைக்காயை வட்டமாக நறுக்கும்போது கிடைக்கும் ஐந்து அறை நட்சத்திரம் இந்தச் சூற்பை முற்றிய வடிவம்.

இப்போது அடுக்குச் செம்பருத்தியை எடுங்கள். நடுவில் கசங்கியது போன்ற இதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்தால், சில இதழ்களின் விளிம்பில் மஞ்சள் மகரந்தப்பை ஒட்டியிருக்கும். பாதி இதழ், பாதி மகரந்தத்தாள். பூவின் பாகங்கள் எல்லாம் ஒரே இலையின் மாற்றுருவங்கள் என்று ஜெர்மானியக் கவிஞர் கதே 1790இல் எழுதினார். இருநூறு ஆண்டு கழித்து, 1991இல், தாவர மரபியல் ஆய்வாளர்கள் என்ரிகோ கோயனும் எலியட் மேயரோவிட்சும் அதற்கு மரபணு விளக்கம் தந்தார்கள். மூன்று வகை மரபணுச் செயல்கள் உண்டு. முதலாவது தனியாக வேலை செய்தால் புல்லி, முதலாவதும் இரண்டாவதும் சேர்ந்தால் அல்லி, இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் மகரந்தத்தாள், மூன்றாவது தனியாக என்றால் சூலகம். மூன்றாவது செயலிழந்தால் அந்த இடத்துக்கு முதலாவது பரவி, மகரந்தத்தாள் வர வேண்டிய இடத்தில் இதழ் வரும். பல அடுக்குப் பூக்களின் பின்னணி இதுதான். இதழ் கூடும்போது மகரந்தம் குறையும்.

சூரியகாந்தியும் சாமந்தியும் ஒரு பூ இல்லை, நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள் உட்கார்ந்த ஒரு தட்டு. நடுவிலிருந்து ஒன்றை ஊசியால் எடுத்தால் ஐந்து பல் கொண்ட முழுப் பூ கையில் இருக்கும். காகிதப்பூவின் வண்ணமெல்லாம் பூவடிச்செதில், உண்மையான பூ நடுவே இருக்கும் வெள்ளைக் குழாய்.

படி 8: சாப்பிடுவது கனியின் எந்தப் பகுதி?

சூற்பை முற்றினால் கனி, சூல் முற்றினால் விதை. மக்காச்சோளக் கதிரின் பட்டுநூல் ஒவ்வொன்றும் ஒரு மணியில் முடியும். மெதுவாக மடலை உரித்துப் பின்தொடருங்கள். அது அந்த மணியின் நீண்ட சூலகத்தண்டு. மகரந்தம் கிடைக்காத நூலின் அடியில் மணி இல்லாமல் பல் விழுந்தது போல இருக்கும்.

முந்திரியில் கொட்டைதான் கனி. மேலே சாறு நிறைந்த பழம், பருத்த பூக்காம்பு. கொட்டை முதலில் உருவாகி, காம்பு பிறகே பருக்கிறது. பலாவில் ஒரு பழம் என்பது ஒரு முழுப் பூங்கொத்து. வெளியே இருக்கும் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூ. கருவுற்ற பூவின் இதழ்ப்பகுதி பருத்துச் சுளையானது, கருவுறாத பூவின் இதழ்ப்பகுதி சுளைகளுக்கு இடையே நாராக நின்றுவிட்டது. மாதுளையில் நாம் சுவைப்பது விதையின் மேலுறை. தேங்காயின் மூன்று கண்கள் மூன்று சூலகங்கள் சேர்ந்ததன் அடையாளம், அவற்றில் மெல்லிய ஒன்றின் வழியாகவே முளை வரும்.

படி 9: வாழையில் எல்லாவற்றையும் ஒருமுறை சோதியுங்கள்

இதுவரை கற்றது கையில் வந்துவிட்டதா என்று பார்க்க வாழையைப் போல ஒரு செடி கிடையாது. கொல்லையில் குலை வெட்டிய மரம் இருந்தால் வெட்டிப் பாருங்கள்.

அடிமரம் என்று நாம் சொல்வதைக் குறுக்கே வெட்டினால் பிறை பிறையாக மட்டைகள். ஒவ்வொன்றும் மேலே போய் ஓர் இலையில் முடிகிறது. ஆகவே அது இலைகளின் அடிப்பகுதி ஒன்றையொன்று சுற்றி நிமிர்ந்தது. மட்டையின் குறுக்குவெட்டில் தேன்கூடு போன்ற காற்றறைகள், கனம் குறைவு, உயரம் அதிகம். உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. அதில் வளையங்களும் மொட்டுகளும் தெரியும். அந்த மொட்டுகள்தான் பக்கக்கன்றுகள்.

அப்படியானால் சமைக்கிற வாழைத்தண்டு எது? பூக்கும் நேரம் வரும்போது கிழங்கின் நுனி நீண்டு, மட்டைகளின் நடுவே மேலேறி, உச்சியில் வெளிவந்து குலை தள்ளுகிறது. அந்தப் பூங்கொத்தின் அச்சுதான் வாழைத்தண்டு. பூக்காத வாழையை வெட்டினால் தண்டு கிடைக்காது, குருத்து மட்டுமே இருக்கும். கிழங்கின் நுனியே பூவாகச் செலவாகிவிடுவதால் அந்த மரம் இரண்டாவது குலை தள்ளாது.

வாழைப்பூவின் சிவப்பு மடல் ஒவ்வொன்றும் பூவடிச்செதில், அதாவது இலை. அதன் கோணத்தில் இரண்டு வரிசைப் பூக்கள், படி 1இன் விதிப்படியே. முதலில் திறந்த மடல்களின் பெண் பூக்கள் சீப்புகளாகிவிட்டன. கடையில் வாங்கும் வாழைப்பூவில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் ஆண் பூக்கள். ஒரு பூவைப் பிரியுங்கள். ஐந்து இதழ்கள் ஒட்டிய குழாய் ஒன்று, கண்ணாடி போன்ற தனி இதழ் ஒன்று, ஐந்து மெல்லிய மகரந்தத்தாள்கள், நடுவில் தலை தடித்த ஒரு விறைப்பான குச்சி. கள்ளன் என்று எடுத்தெறிவது அந்தக் குச்சியைத்தான். அது சூலகத்தண்டும் சூலகமுடியும். கண்ணாடி இதழும் கள்ளனும் வேகாது என்பதால் இரண்டையும் எடுத்துவிட்டுத்தான் நறுக்குகிறோம்.

கடைசியாக ஒரு வாழைப்பழத்தை உரித்து, நடுவில் விரலை மெதுவாக அழுத்துங்கள். நீளவாக்கில் மூன்றாகப் பிளக்கும். மூன்று சூலகங்கள். பிளவின் ஓரமாக வரிசையாக இருக்கும் கரும்புள்ளிகள் விதையாகாமல் நின்றுபோன சூல்கள். நாம் சாப்பிடும் வாழை கருவுறாமலே பழுக்கிறது. அடுத்த வாழை அந்தப் புள்ளிகளிலிருந்து வராது, கிழங்கின் மொட்டிலிருந்து வரும்.